சிமிழ் சொன்ன சம்மதம்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. வாசல் பக்கம் உட்கார்ந்தால் முதுகில் காற்றடிக்கும். இந்தக் கம்பளத்தில் இடம் இருக்கிறது. ஆளுக்கொரு பிடி ஆப்ரிகாட் கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிமிழுக்குக் கல்யாணம் நடந்த கதையைச் சொல்கிறேன். சிமிழ் என்றால் சிமிழேதான். ஏதோ பெண்ணின் செல்லப்பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். கோகந்த் ஊரில், மரம் கடைகிற எங்கள் கடைசல்காரர் தெருவில் நடந்தது. அந்தக் கல்யாண ஊர்வலத்தில் நானும் நடந்தேன், கையில் தட்டோடு.

கும்ரி எனக்கு மூன்று வீடு தள்ளி இருந்தாள். கணவன் தோஜிபாய் இறந்துபோய் ஆறு வருடம். அவன் விட்டுப்போனது ஏழெட்டு உளியும், காய்ந்த ஆப்ரிகாட் கட்டைகள் அடுக்கிய ஒரு கொட்டகையும், ஒரு கடைசல் இயந்திரமும்தான். அந்த இயந்திரத்தைச் சுற்றவைத்தது, எப்போதோ செத்துப்போன ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டார். இந்த மோட்டாரை மறந்துவிடாதீர்கள். கதை அதைச் சுற்றித்தான் சுற்றப்போகிறது.

கும்ரி கடைந்ததெல்லாம் சிமிழ். கோழிமுட்டை அளவு. கண்மை வைக்கலாம், ஊசி வைக்கலாம், பிள்ளையின் விழுந்த பல்லை வைக்கலாம். ஆனால் மூடியின்மேல் நிற்கும் உச்சிக்குமிழ் மட்டும் ஒரு விரல் நீளம் இருக்கும்: அடியில் ஒரு மணி, அதற்குமேல் தீக்குச்சிப் பருமனில் ஒரு கழுத்து, கழுத்தின்மேல் ஒரு மாதுளை மொட்டு. உளி ஒரு மயிரிழை கூடுதலாக இறங்கினால் மொட்டு பறந்துபோய்த் தெருவில் விழும். எங்கள் கோழிகள் அதைக் கொத்திப் பார்த்து ஏமாறும்.

“குமிழைப் புடிச்சுத் தெறக்காதீங்க. அது கண்ணுக்கு. கை வைக்கிற எடம் மூடியோட விளிம்பு,” என்று வாங்குகிறவர் ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புவாள்.

மூடியைச் சும்மா மூடிவிட மாட்டாள். தேன்மெழுகை லேசாகத் தடவி, போட்டு, இழுத்து, மறுபடி இழைத்து, மறுபடி போட்டுப் பார்ப்பாள். உள்ளே இருக்கிற காற்றுக்கு மூடியை விட மனசே வராது. மெல்லத் திருகித் தூக்கினால் சத்தமில்லாமல் வந்துவிடும். நேராக, வெடுக்கென்று இழுத்தால் ‘ஹொப்!’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் சிமிழ் முடிந்தது என்று கணக்கு.

எங்கள் பேச்சில் ‘ஹொப்’ என்றால் சரி, ஆகட்டும், சம்மதம். சந்தையில் ‘ஹொப்’ என்றால் பேரம் முடிந்தது. பெண் கேட்க வந்த இடத்தில் ‘ஹொப்’ என்றால் பெண் போனாள்.

வந்தது வினை. ஹோஜர் அத்தை வந்தாள்.

ஹோஜர் அத்தைக்கு ஒரே மகன், துர்தி. நாற்பத்திநாலு வயது. பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிளில் முலாம்பழம் விற்பான். இரண்டு தடவை கல்யாணம் ஆகி, இரண்டு பெண்களும் தகப்பன் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டார்கள். துர்தி கெட்டவனில்லை. அவனிடம் என்ன கேட்டாலும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பான், அவ்வளவுதான்.

இரண்டு பெண்களைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, துணியில் சுற்றிய ரொட்டியோடு ஹோஜர் அத்தை பட்டறைக்குள் நுழைந்தபோது, கும்ரி மூடி பொருத்திக்கொண்டிருந்தாள். மூடி பொருத்தும்போது மெழுகுத் துண்டைப் பற்களுக்கு நடுவே கடித்துக்கொள்வது அவள் பழக்கம். வாய் பூட்டியிருந்தது. தலையை அசைத்து உட்காரச் சொன்னாள்.

ஹோஜர் அத்தை உட்காரவில்லை. மோட்டாரைச் சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள்.

“நல்லா ஓடுதே! எங்க வீட்டுத் துணி மெஷினு மோட்டார் எரிஞ்சு மூணு வருஷமாச்சு. பொம்பள எதுக்குடி மரம் கடையணும்? நம்ம வீட்டுக்கு வந்துட்டா மோட்டாரு பழையபடி துணி தொவைக்கும், இந்தக் கொட்டகையில நான் கோழி வளப்பேன், நீ நிம்மதியா மாவு பெசையலாம். சொல்லு பொண்ணே. எங்க வீட்டுக்கு வெளக்கேத்த வர்றியா?”

கும்ரியின் காது வேலையில் இருந்தது. விளிம்பைப் பிடித்தாள், வெடுக்கென்று இழுத்தாள்.

“ஹொப்!”

“ஆமீன்!” என்று கத்தி, ஹோஜர் அத்தை ரொட்டியை இரண்டாக உடைத்துவிட்டாள்.

கண்ணுகளா, எங்கள் ஊரில் நிச்சயத்தின்போது ரொட்டி உடைந்தால் நிச்சயம் முடிந்ததுதான். கும்ரி மெழுகைத் துப்பிவிட்டு எழுந்தாள்.

“அத்தை! அது நான் சொல்லல! சிமிழு!”

“நல்ல குடும்பத்துப் பொண்ணு. வெக்கப்படுறா.”

“எனக்கு வேணாம் அத்தை!”

“ஒண்ணு.” அத்தை விரலை மடக்கினாள். “மூணு தடவ வேணாம்னு சொல்றதுதான் மரியாதை.”

“வேணாம், வேணாம், வேணாம்!”

“நாலு!” கூட வந்தவள் வாயெல்லாம் பல்லானாள். “என்ன வளப்பு, என்ன வளப்பு!”

இன்னொருத்தி அதற்குள் உடைந்த ரொட்டியில் பாதியைத் தின்று முடித்திருந்தாள். இனி அதை ஒட்டவைக்கவும் வழியில்லை.

இதுதான் கும்ரியின் தலைவிதி ஆகிவிட்டது: வாய் நூறு தடவை ‘வேணாம்’ என்றது கணக்கில் வரவில்லை, மரம் ஒரு தடவை ‘ஹொப்’ என்றது வந்துவிட்டது. மோட்டார் போனால் பட்டறை போச்சு. பட்டறை போனால் அவளிடம் மிச்சமிருப்பது மாவு பிசைகிற இரண்டு கை. அன்று என் வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் தேநீரைக் குடிக்காமலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, “வெள்ளைத்தாடிகிட்ட போறேன் அக்கா,” என்றாள்.

வெள்ளைத்தாடி என்பது எங்கள் தெருப் பெரியவரின் பதவி. அந்தப் பெரியவர் மிர்சாகுல், தாடிக்கு மருதாணி போடுவார், நல்ல செம்பருத்தி நிறம். இருந்தாலும் பதவியின் பெயர் அதுதான்.

மறுநாள் தேநீர்க்கடை முற்றத்தில், முசுக்கொட்டை மரத்தடியில் தெருவே கூடியது. கும்ரி சிமிழை நடுவில் வைத்தாள். ஹோஜர் அத்தை சாட்சிகளை வைத்தாள். கடைசி வரிசையில் துர்தி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

“ஹொப்புனு சத்தம் வந்துச்சா இல்லையா?” என்றார் மிர்சாகுல்.

“வந்துச்சு,” என்றார்கள் சாட்சிகள்.

“எந்த வாயிலேருந்து?”

“அவ இருந்த பக்கத்துலேருந்து.”

“மாமா, என் வாயில மெழுகு இருந்துச்சு,” என்றாள் கும்ரி. “இதப் பேச்சுன்னு எடுத்துக்கிட்டா, இது எதத்தான் சொல்லாது? கேளுங்க. சிமிழே, மிர்சாகுல் மாமா தாடி வெள்ளையா?” வெடுக்கென்று இழுத்தாள்.

“ஹொப்!”

முற்றம் சிரித்தது. மிர்சாகுல் தாடியைத் தடவிக்கொண்டார்.

“ஹோஜர் அத்தைக்கு இருபது வயசா?”

“ஹொப்!”

“இதுல என்ன தப்பு இருக்கு?” என்றாள் ஹோஜர் அத்தை.

கும்ரி நினைத்தது, எல்லோரும் சிரித்துவிட்டு எழுந்து போவார்கள் என்று. போகவில்லை. எண்பத்தொரு வயது நஜ்மித்தின் தாத்தா கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

“எனக்கு இன்னும் முப்பது வருசம் இருக்கான்னு கேளும்மா.”

“ஹொப்!”

தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிமிழை ஆசீர்வதித்தார். அடுத்து தேநீர்க்கடைக்காரர். “என் பொண்டாட்டி வைக்கிற புலாவவிட என் புலாவு ருசின்னு ஒத்துக்குதா?” “ஹொப்!” “இருவத்தேழு வருசமா ஒரு ஆளு ஒத்துக்கல!” பிறகு வரிசையே நின்றுவிட்டது. பக்கத்துத் தெருவிலிருந்தும் வந்தார்கள். மத்தியானத் தொழுகைக்கு அழைப்பு வரும்வரை சிமிழ் நாற்பது பேருக்குச் சம்மதம் சொல்லியிருந்தது; ஒருவரைக்கூட மனம் நோகவைக்கவில்லை.

மிர்சாகுல் தொண்டையைச் செருமினார்.

“வெளங்கிப்போச்சு. இதுக்கு வாய் இருக்கு. ஹொப்புனு சொன்னது கும்ரி இல்ல, இந்தச் சிமிழு. ஆனா ரொட்டி ஒடைஞ்சாச்சு, பாதி வயித்துக்குள்ளயும் போயாச்சு. கொடுத்த சொல்ல மாத்த முடியாது. சொன்னவ போகட்டும்.”

“சொன்னவளா? எங்க?” என்றாள் கும்ரி.

“ஹோஜர் வீட்டுக்கு. மருமகளா.”

ஹோஜர் அத்தை வெடித்தாள். “எம் மவனுக்கு மரக்கட்டையா? நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?” கையை ஓங்கிக்கொண்டு வந்தவள், சிமிழுக்கு முன்னால் வந்ததும் நின்றாள். அவளுக்கும் ஒன்று கேட்டுப் பார்க்கவேண்டும் போலத் தோன்றிவிட்டது. “ஏண்டி... நாலு மணிக்கு எந்திரிச்சு வாசல் கூட்டுவியா?”

“ஹொப்!”

“நான் சொல்றதுதான் சட்டம்?”

“ஹொப்!”

“என் கொழம்புல உப்பு சரியா இருக்கா?”

“ஹொப்!”

ஹோஜர் அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “ரெண்டு மருமக வந்தாளுங்க,” என்றாள். “ஒருத்தியாவது ஒரு தடவ இப்படிச் சொன்னாளா? இவ திங்கவும் மாட்டா. துணியும் கேக்க மாட்டா.”

“துர்தி, ஒனக்கு?” என்றார் மிர்சாகுல்.

துர்தி அம்மாவின் முகத்தைப் பார்த்தான். “அம்மா சொன்னாச் சரி.”

எல்லாம் முடிந்தது என்று எழுந்தோம். அப்போதுதான் ஹோஜர் அத்தைக்கு ஞாபகம் வந்தது.

“இருங்க! பொண்ணு வெறுங்கையோடவா வருவா? சீர் வேணாமா? கேளுங்க அவள. மோட்டாரையும் கொண்டு வர்றியாடி?”

காலையிலிருந்து எதற்கும் இல்லை என்று சொல்லாத சிமிழ் அது. நஜ்மித்தின் தாத்தா காதில் கையை வைத்துக்கொண்டார்.

கும்ரி மூடியின் விளிம்பில் மூன்று விரலை வைத்தாள். மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நான் விரலைப் பார்த்தேன். இழுக்கவில்லை. எள்ளளவு, எள்ளளவாகத் திருகினாள். காற்று பதுங்கிப் பதுங்கி உள்ளே போனது. மூடி மேலே வந்தது.

ஒரு சத்தமும் இல்லை.

“பேசலையே,” என்றார் தேநீர்க்கடைக்காரர்.

“மௌனம் சம்மதம்!” என்று குதித்தாள் ஹோஜர் அத்தை.

மிர்சாகுல் கையை உயர்த்தினார். “அது பேசாதவங்களுக்கு. காலையிலேருந்து எல்லாத்துக்கும் ஹொப்பு ஹொப்புனு சொன்ன பொண்ணு, ஒரு கேள்விக்கு மட்டும் வாய மூடிக்கிட்டான்னா, அதுக்கு ஒரே அர்த்தம்தான். மோட்டாரு கும்ரிக்கு.”

வெள்ளிக்கிழமை கல்யாணம். முல்லா, தனக்கு அன்று பல்வலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். உச்சிக்குமிழின்மேல் வெள்ளைப் பட்டுத் துணி போட்டு, துர்தியின் பக்கப்பெட்டியில் மெத்தை விரித்து ஏற்றினோம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள்.

“கழுத்து நீளம்.”

“நீளமா இருந்தா என்ன, இடுப்பப் பாரு.”

“உக்காந்தா அசைய மாட்டா. பாந்தமான பொண்ணு.”

மறுநாள் காலை மருமகள் வணக்கம். உறவுக்காரர் ஒவ்வொருவர் முன்னாலும் ஹோஜர் அத்தை சிமிழைச் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்தினாள். அவ்வளவு ஒழுங்காக வணங்கிய மருமகளை அந்தத் தெரு கண்டதில்லை.

நாற்பது நாள் கழித்து, நல்ல பனிக்காலம். நான் கும்ரியின் பட்டறையில் மரச்சுருள் அள்ளிக்கொண்டிருந்தேன், அடுப்புக்கு. கதவைத் தள்ளிக்கொண்டு ஹோஜர் அத்தை வந்தாள், ஒரு கையில் சிமிழ், மறு கையில் மாதுளை மொட்டு.

“என்ன பொண்ணக் குடுத்த நீ? பத்து நாளா ஒரு வார்த்த பேசல! என்ன கேட்டாலும் உம்முனு உக்காந்திருக்கா!”

கும்ரி வாங்கிப் பார்த்தாள். சிமிழ் உப்பியிருந்தது.

“எங்க வெச்சிருந்தீங்க அத்தை?”

“கைக்கெட்டுற மாதிரி, தேநீர்க் கொதிகலத்துக்குப் பக்கத்துல. ராத்திரி பகல் கூடவேதான் வெச்சிருந்தேன்!”

“ஆவி குடிச்சு மரம் வீங்கிருச்சு. சரி, கழுத்து எப்படி ஒடைஞ்சுது?”

“பேச மாட்டேன்னா? தலையப் புடிச்சு இழுத்தேன்.”

கும்ரி உடைந்த மொட்டை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள்.

“அத்தை,” என்றாள் மெதுவாக, “கழுத்தப் புடிச்சு இழுத்தா எவ ஹொப்பு சொல்லுவா?”

ஹோஜர் அத்தை சிமிழை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். தகப்பன் வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு வந்த மூன்றாவது மருமகள்.

ஆனால் மறுநாள் துர்தி வந்தான், தனியாக. கதவோரம் நின்று தொப்பியைக் கசக்கினான்.

“ஒட்டிக் குடுப்பீங்களா தங்கச்சி? அவ இருந்தப்போ நான் சொல்றதயெல்லாம் கேட்டா. முலாம்பழம் விக்காத கதையக்கூட. ஹொப்பு சொல்லாட்டியும் பரவால்ல.”

கும்ரி மெழுகை எடுத்துப் பல்லுக்கு நடுவே கடித்துக்கொண்டாள். புதிதாக ஒரு உச்சிக்குமிழ் கடைந்தாள். கட்டையாக, தடித்த கழுத்தோடு, பிடித்து இழுத்தாலும் உடையாதபடி. பிறகு மூடியின் உள்விளிம்பை ஒரு மயிரிழை இழைத்துவிட்டாள். இப்போது இழுத்தால் ‘ஹொப்’ இல்லை. ‘ஹ்ம்ம்’ என்று ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. துர்தி அதை மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனான்.

அன்று சாயங்காலம் ஹோஜர் அத்தை வீட்டுச் சன்னல் வழியாகத் தெருவுக்கே கேட்டது.

“துர்தி! நாளைக்கு மச்சுல இருக்குற கரியெல்லாம் எறக்கிப் போட்டுடுவேல்ல? கேளு உம் பொண்டாட்டிய!”

“ஹ்ம்ம்...”

“என்னடா சொல்றா?”

துர்தி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சிமிழைப் பார்த்தான்.

“யோசிக்கிறாம்மா,” என்றான்.

போய்வாருங்கள் கண்ணுகளா. கொட்டை மிச்சமிருந்தால் மடியில் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு மூடிகள் ஆவியில் வீங்காமலும் அனலில் தளராமலும் இருக்கட்டும். உங்கள் அடுப்பில் ரொட்டி உப்பட்டும். உங்கள் பெண்களின் கழுத்து நீளமோ கட்டையோ, எந்தக் கையும் அதைப் பிடித்து இழுக்காதிருக்கட்டும். யார் என்ன கேட்டு வந்தாலும், யோசித்துச் சொல்ல உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நேரம் இருக்கட்டும்.