இருபத்து மூன்றாவது சுற்று

சாப்பாட்டு மேஜைமேல் நீல் ப்ரூயிட் விரித்த பழைய பந்தயக் கணக்குத் தாளில் இருந்தது தன் கையெழுத்துதான் என்று வெர்னாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. தெற்கு இண்டியானாவில் நடந்த, சக்கரங்கள் மூடாமல் வெளியே தெரியும் கார்களின் பந்தயங்களுக்கு நீல் வரலாறு எழுதிக்கொண்டிருந்தான். ஊர் ஊராகப் போய், கண்காட்சித் திடல்களில் புல் மண்டிக் கிடந்த நீள்வட்ட மண் பந்தயத் தடங்களை அளந்தும், பழைய பெட்டிகளைக் கிளறியும் வந்திருந்தான்.

"இருபத்திரண்டு சுத்து வரைக்கும் சரியா இருக்கு," என்றான். "இருபத்தி மூணுலதான் குழப்பம். பார்வையாளர் ஒருத்தர் எடுத்த ஃபிலிம் கெடச்சுது. அதுல உங்க வீட்டுக்காரர் அந்தச் சுத்துல எல்லைக் கோட்டைத் தாண்டவே இல்லையே."

"தாண்டல," என்றாள் வெர்னா.

அது 1966 ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிறு மதியம். பந்தயத் தடத்தை ஒட்டிய நடுவர் கோபுரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் கோட்டைத் தாண்டும் கார்களின் எண்களை வரிசையாக எழுதுவது அவள் வேலை. கணவன் ஓரினின் கார் ஏழாம் எண். இருபத்திரண்டு சுற்றிலும் அதுதான் முதலில் வந்தது. அடுத்த சுற்றின் மூன்றாவது வளைவில் கிளீட் மாடக்ஸின் முப்பத்தொன்றாம் எண் கார் உள்பக்கமாக நுழைந்து முந்தியது. விட்ட இடத்தைப் பிடிக்கப் போன ஓரின் நான்காவது வளைவில் வேலியை உடைத்துக்கொண்டு உருண்டான். கிளீட் கோட்டைத் தாண்டிய பிறகுதான் சிவப்புக் கொடி வந்தது. நடுவில் நிறுத்திய பந்தயத்தில், கடைசியாக முடிந்த சுற்றில் யார் முதலோ அவருக்கே வெற்றி. இருபத்து மூன்றுக்கு நேரே அவள் கை 7 என்று எழுதியிருந்தது. நடுக்கமே இல்லாத 7. அதன்கீழே 31, 12, 44. எல்லாக் கார்களும் நின்றபின், பென்சிலை டப்பாவில் போட்டுவிட்டுத்தான் அவள் படியிறங்கினாள். செத்தவனுக்குப் போன வெற்றியை யாரும் கேள்வி கேட்கவில்லை. கிளீட்டும் கேட்கவில்லை. அதன்பின் அவன் எந்தப் பெரிய பந்தயத்தையும் ஜெயிக்கவும் இல்லை.

தாளை நீல் அவளிடமே விட்டுப் போயிருந்தான். மறுவாரம் அதை எடுத்துக்கொண்டு கிளீட்டின் பண்ணைக்குப் போனாள். கொல்லைப்புற மேஜையில் உட்கார்ந்து அவன் சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தான். தான் எழுதியது தப்பு, ஜெயித்தது அவன்தான் என்று அவள் சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

"நாப்பது வருஷமா கேக்காதவன், இப்பக் கேப்பேன்னு நெனச்சியா?"

"பாசத்துல எழுதினேன்னு எல்லாரும் நெனச்சாங்க, கிளீட். அதெல்லாம் இல்ல. எனக்கு ஒண்ணுமே தோணல. கை எழுதிச்சு, அவ்வளவுதான். அன்னிலேர்ந்து அப்படியேதான் இருக்கு."

அவன் ஒரு கதிரை முழுக்க உரித்து முடித்தான்.

"கோட்டைத் தாண்டினதும் கையைத் தூக்கி ஆட்டினேன்," என்றான். "பின்னால என்ன ஆச்சுன்னு தெரியாது. ஜனமெல்லாம் எழுந்து நின்னுச்சு. எனக்காகன்னு நெனச்சேன்." அடுத்த கதிரை எடுத்தபடி, "அந்த வெற்றி எனக்கு வேணாம், வெர்னா," என்றான்.

"வேணுமான்னு கேக்க வரல. நடந்தது அதுதான்."

பையிலிருந்து பேனாவை எடுத்து 7-ஐ அடித்தாள். பக்கத்தில் 31 என்று எழுதினாள். ஏதாவது தோன்றும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வயலில் ஒரு டிராக்டர் திரும்பும் சத்தம் கேட்டது.

காற்றில் தாள் ஓரம் தூக்கியது. கிளீட் உரித்த கதிர் ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தான். கதிரின் ஈரம் தாளில் ஊறி, மெல்ல எண்களை நோக்கிப் பரவியது.