யாரும் கூப்பிடல

உங்க பொண்டாட்டி எழுதினத உங்க கையாலயே அழிக்கச் சொன்னா என்ன பண்ணுவீங்க? நான் சரின்னு தலையாட்டிட்டேன்.

நானும் அவளும் ஒரே டீம். ஆபீஸ்லயும் எங்க பேச்சு வாடா போடாதான். கம்ப்யூட்டர்ல இருக்கிற படத்த ஸ்கிரீனுக்குக் கொண்டாந்து காட்டுற டிரைவர்ங்கிற புரோகிராம் எழுதுறது எங்க வேலை. ஸ்கிரீன் ஒழுங்கா இருக்கான்னு பாக்க, செவப்பு, பச்சை, நீலம்னு மூணு பட்டை வரையிற டெஸ்ட் ஒண்ண அவ எழுதினா. வயித்துல பாப்பா இருந்த நேரம். கீபோர்டு எட்டாம, பக்கவாட்டுல சாஞ்சு உக்காந்து எழுதினா. அப்புறம் லீவு. லீவு முடிஞ்சதும், "இப்ப ஆள் போதும், தேவைன்னா கூப்பிடுறோம்"னு மேனேஜர் சொல்லிட்டார். இந்த ஊர்ல எங்களுக்குன்னு யாரும் இல்ல. பகலெல்லாம் அவளும் பாப்பாவும் நாலு செவுரும்தான். நான் கதவத் தொறந்ததும் கேக்கிற மொத கேள்வி, "ஆபீஸ்ல கூப்பிட்டாங்களா?"

அன்னைக்கு மேனேஜர் என் சீட்டுக்கு வந்தார். "அந்தப் பட்டை டெஸ்ட்ட யாராவது கூப்பிடுறாங்களா?"

புரோகிராம்ல ஒரு துண்டு இன்னொரு துண்ட வேலைக்கு இழுத்தா, அதுக்கும் கூப்பிடுறதுன்னுதான் பேரு. எல்லாத்துலயும் தேடிப் பாத்தேன்.

"யாரும் கூப்பிடல சார்."

"அப்ப தூக்கிடுங்க. சும்மா எடத்த அடைச்சுக்கிட்டு."

அழிச்சு, அனுமதிக்கு அனுப்பிட்டுக் கெளம்பினேன். அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு பஸ்ல யோசிச்சுக்கிட்டே வந்தேன்.

நான் வீட்டுக்குள்ள நொழஞ்சா, அவ இடுப்புல பாப்பா, கையில போன், மொகத்துல அப்படி ஒரு வெளிச்சம்.

"டேய், ஆபீஸ்லேர்ந்து எம்பேருக்கு மெயில். இன்னும் தொறக்கல. இவ டயபர மாத்திட்டுத் தொறக்கலாம்னு. நல்ல சேதிய நாத்தத்துல படிக்க வேணாம் பாரு."

அப்பதான் ஒறைச்சுது. யார் எழுதினத அழிச்சாலும், எழுதினவங்களுக்கு அனுமதி கேட்டு மெயில் தானா போயிடும். ஆபீஸ்ல அவ கணக்க இன்னும் மூடல.

"இரு, அது வந்து..."

"இவளப் பிடி நீ."

தொறந்தா. கட்டைவிரல் கீழ தள்ளிக்கிட்டே போய் நின்னுச்சு.

"அனுப்பினது நீ."

"ம்."

"நல்லாத் தேடினியா? யாருமே கூப்பிடலையா?"

"இல்லடி."

போன சார்ஜ்ல போட்டா. பாப்பா என் சட்டைப் பொத்தானக் கடிச்சுக்கிட்டு இருந்தா. அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் பாப்பாகிட்ட மட்டும்தான் பேசினோம்.

மறுநாள் காலையில ஆபீஸ்ல பாத்தேன். அனுமதி குடுத்திருந்தா. கீழ ஒரு குறிப்பு இருந்துச்சு: "இன்னொரு ஃபைல்லயும் இதோட பேர் ஒரு வரியில இருக்கு. விட்டுட்டீங்க. அதையும் எடுத்துடுங்க."