நாலு பாட்டில், நாலு மூடி

“வேணவே வேணாம் சார், அந்தக்காவ அனுப்பிருங்க. ஒண்ணத் திறந்தா ஒண்ண மூடுங்க, மூடிட்டு அடுத்ததத் தொடுங்கன்னு நூறு தடவ சொல்லியாச்சு. கேட்டாத்தான?”

“அனுப்பிட்டா பாட்டில் சரியாப் போயிருமா அருணா?”

“நீங்கதான சார் சேத்தீக! பட்டாசுக் கம்பெனியில பழகுன கை, வேகமா வேல ஓடும்னீக. ஓடுச்சுல்ல? நாலு பேரையும் வேகமாக் கலந்து விட்டுட்டாக.”

கதவுக்கு வெளியே ட்ரேயும் கையுமாக நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அக்கா நான்தான். பெயர் முத்துப்பேச்சி, ஊர் ஆமத்தூர். 2006-இல் எனக்கு நாற்பத்தோரு வயது. எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த அருணாதேவிக்கு இருபத்தைந்து. என் மகளைவிட நாலு வயதுதான் மூத்தவள்.

விருதுநகரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் பின்னால் மூன்று அறைகள் கொண்ட லேப் அது. ஆபரேஷனில் எடுக்கிற கட்டி எங்களிடம் வரும். அதை ஃபார்மலின் என்ற மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போட்டு டாக்டரிடம் கொடுப்போம். டாக்டர் கனகசபாபதி மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கேன்சரா இல்லையா என்று எழுதுவார். நான் அங்கே ஒரு வருடப் பயிற்சிக்குச் சேர்ந்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அதற்கு முன்னால் பதினாறு வருடம் பட்டாசுக் கம்பெனியில் கிஃப்ட் பாக்ஸ் பேக்கிங். அங்கே வேலை எப்படி நடக்கும் என்றால், ஐம்பது பெட்டியை வரிசையாக வைத்து ஐம்பது மூடியையும் முதலில் கழற்றிவிட வேண்டும். பிறகு ஐம்பதிலும் சரக்கு. கடைசியாக ஐம்பது மூடி. லேபிள் மூடியின் மேல்தான் இருக்கும். எந்த மூடி எந்தப் பெட்டிக்குப் போனாலும் ஒன்றுதான். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் மேஸ்திரி, “என்ன, கல்யாணச் சீரா அடுக்குதீக?” என்று கத்துவார்.

அன்று காலை ஒரு நர்சிங் ஹோமிலிருந்து நாலு பாட்டில் வந்தன. நாலிலும் ஃபார்மலின் கால்வாசிதான். எத்தனை தடவை சொன்னாலும் அப்படித்தான் அனுப்புவார்கள். லேபிள் ஒட்டியிருந்ததும் மூடியில்தான், பாட்டிலின் உடம்பில் ஒன்றுமே இல்லை. அருணா பார்த்திருந்தால் முதலில் உடம்பில் நம்பர் எழுதச் சொல்லியிருப்பாள். அவள் உள்ளே இருந்தாள். நான் நாலு மூடியையும் கழற்றினேன், நாலிலும் மருந்தை ஊற்றினேன். கொஞ்சம் சிந்தியது. கண் எரிந்தது. மேசையைத் துடைப்பதற்காக நாலு மூடியையும் ஒரே அள்ளாக அள்ளி ஓரம் வைத்தேன். துடைத்து முடித்து, நாலையும் மூடினேன்.

கர்ப்பப்பை என்று பெயர் போட்ட பாட்டிலை டாக்டர் திறந்தபோது உள்ளே பித்தப்பை இருந்தது.

கர்ப்பப்பையும் பித்தப்பையும் பார்த்தாலே தெரியும், அந்த இரண்டையும் உடனே சரி செய்துவிட்டார். மீதி இரண்டும் மார்பில் எடுத்த கட்டிகள். ஒன்று திருத்தங்கல் மாரிசெல்வியுடையது, வயது இருபத்தெட்டு. இன்னொன்று சூலக்கரைப் பக்கத்து ராக்காயியுடையது, வயது ஐம்பத்திரண்டு. எது யாருடையது? ஒன்றில் கேன்சர் இருந்து பெயர் மாறிப்போனால், நோய் இல்லாதவளுக்கு மார்பை எடுப்பார்கள், நோய் இருக்கிறவளிடம் “ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்குப் போ” என்பார்கள்.

கூட வந்த ஃபாரத்தைப் பார்த்தோம். இரண்டிலும் ‘கட்டி’ என்று ஒரே வார்த்தை. அளவு கிடையாது, எந்தப் பக்கம் என்றுகூடக் கிடையாது. டாக்டர் சர்ஜனுக்குப் போன் போட்டார்.

“கட்டி கட்டி மாதிரிதான் சார் இருந்துச்சு. அன்னைக்கு ஏழு கேஸ் பாத்தேன்” என்றார் அவர்.

எனக்குத் தலையைச் சுவரில் முட்டலாம் போல இருந்தது. தப்பு என்னுடையது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கால்வாசி மருந்து, மூடியில் லேபிள், ஒரு வார்த்தை ஃபாரம் என்று ஊரே சேர்ந்து குழி வெட்டி வைத்திருந்தது. விழுந்தது நான்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. என் தங்கச்சிக்குக் கட்டி எடுத்தபோது தியேட்டர் வாசலில் நர்ஸ் ஒரு தட்டை நீட்டி, “பாத்துக்கோங்க, இதத்தான் எடுத்துருக்கு” என்று காட்டினார். எல்லா ஆஸ்பத்திரியிலும் காட்டுவார்களே!

“சார், வீட்டாளுகளுக்குத் தெரியும் சார். அவுக பாத்துருப்பாக.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “போய்க் கேட்டா விஷயம் வெளிய வந்துரும்மா. கேஸ் அது இதுன்னு...”

“கேக்காம என்னன்னு எழுதுவீக சார்?” என்றாள் அருணா. என்னை அனுப்பச் சொன்ன அதே அருணாதான்.

இரண்டு கட்டியையும் வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்த்தோம். ஒன்று நெல்லிக்காய் மாதிரி உருண்டை. மற்றது நீளம், நடுவில் ஒடுங்கி இருந்தது. “வடிவத்த நாம சொல்லக் கூடாதுக்கா. நாம சொன்னா ஆமான்னுருவாக. அவுக வாயில வரணும்” என்று அருணா எச்சரித்தாள்.

முதலில் ராக்காயியின் மகன் சங்கிலிமுத்துவுக்குப் போன் செய்தோம்.

“காட்டுனாகளாப்பா?”

“காட்டுனாகம்மா.”

“எப்படி இருந்துச்சு?”

“நான் எங்க பாத்தேன்? தட்டக் கண்டதும் கண்ண மூடிட்டேன். எனக்கு ரத்தம்னா ஆகாது. பெறகு சோடா வாங்கிக் குடுத்துத்தான் எந்திரிச்சேன்.”

அருணா போனை வைத்துவிட்டு, “நல்ல ஆம்பளப்பிள்ள” என்றாள்.

மிச்சம் மாரிசெல்வியின் புருஷன் வெள்ளைத்துரை. திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுபவர். இரண்டு பேரும் பஸ் ஏறினோம். ஆமத்தூர் தாண்டியதும் அருணா ஆரம்பித்தாள்.

“ஏங்க்கா, நாலு மூடியையும் ஒண்ணா அள்ளுறப்ப கை கூசலையா?”

“கையி பதினாறு வருசமா அள்ளுன கையி. அது எங்க ரோசிக்குது?”

“இனிமே ரோசிக்கச் சொல்லுங்க.”

“ஏன்டி, என்னைய அனுப்பச் சொன்னவ, இப்ப இனிமேங்கிற?”

“இத முடிச்சுட்டு வந்து அனுப்புறேன்.”

காலண்டர் சீசன். பிரஸ்ஸில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. வெள்ளைத்துரை மை அப்பிய கையோடு வாசலுக்கு வந்தார். நான்தான் கேட்டேன்.

“அண்ணே, ஆபரேஷன் முடிஞ்சதும் தட்டுல காட்டுனாகளே, பாத்தீகளா?”

“பாக்காம? நல்லாப் பாத்தேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“நெலக்கடல. ரெண்டு பருப்பு உள்ள கடல இருக்கும்ல, நடுவுல இடுப்பு சுருங்குனாப்புல. அது கணக்கா.” விரலால் காற்றில் வரைந்தும் காட்டினார். “எதுக்குக் கேக்குறீக?”

அருணா என்னைப் பார்த்தாள். ஏதாவது பொய் சொல்லலாம் என்று நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் பொய் சொன்னால், நாளைக்கு அவர் பெண்டாட்டியின் ரிப்போர்ட்டை எந்த முகத்தோடு நீட்டுவது?

“மூடி மாறிப்போச்சுண்ணே. நான்தான் மாத்திட்டேன். எது உங்க வீட்டுதுன்னு தெரியாமத்தான் வந்துருக்கோம்.”

அவர் மெஷின் சத்தத்தையும் அமுக்கிக்கொண்டு கத்தினார்.

“எங்க கம்பெனியில லேபிள் மாறுனா லோடத் திருப்பி அனுப்பிருவாக! நீங்க எம்பொண்டாட்டிய மாத்தி வச்சுட்டு, சாவகாசமா பஸ் ஏறி வந்து கேக்குறீகளா? படிச்சவுகதான நீங்க?”

“தப்புத்தாண்ணே.”

“தப்புன்னு சொல்லிட்டா?” மையோடு இருந்த கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ஏலே, மெஷின நிறுத்துங்கடா!” என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டுத் திரும்பினார். “நான் வாறேன். எங்கண்ணால பாத்துச் சொல்லுறேன். கலர் நூலளவு விலகுனாலும் கண்டுபிடிக்கிற ஆளு நானு.”

வந்தார். டாக்டர் இரண்டு கட்டிகளையும் பெயர் சொல்லாமல் முன்னால் வைத்தார். வெள்ளைத்துரை குனிந்து பார்த்து, யோசிக்காமல் நீளமானதைக் காட்டினார்.

ஐந்து நாளில் கண்ணாடிகள் தயாராகின. நெல்லிக்காய் உருண்டையில் கேன்சர். நிலக்கடலையில் ஒன்றுமில்லை, வெறும் கொழுப்பு. நடந்ததை டாக்டர் சர்ஜனிடம் சொன்னார், ரிப்போர்ட்டிலும் எழுதினார். ராக்காயியை ஆபரேஷனுக்கு மதுரைக்கு அனுப்பினார்கள்.

அதன் பிறகு மூன்று வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு மனுஷன் ஒரு நிமிஷம் தட்டில் பார்த்ததை நம்பி எழுதிய பெயர்தானே அது? கேன்சர் மாரிசெல்விக்கு இருந்து, அந்தப் பிள்ளை நிம்மதியாகச் சமைத்துக்கொண்டிருந்தால்? ஒரு நாள் மதுரையிலிருந்து கடிதம் வந்தது. ராக்காயியின் அக்குளில் எடுத்த நெறிக்கட்டியிலும் அதே கேன்சர் இருந்தது. அப்படியென்றால் பெயர் சரி. படித்ததும் “அப்பாடா” என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, ஒரு பொம்பளைக்கு நோய் பரவியிருக்கிறது என்று கேட்டு அப்பாடா என்றிருக்கிறேன். அருணாவும் அதைக் காதில் வாங்கினாள். திட்டவில்லை.

என்னை அனுப்பவும் இல்லை. இப்போது நானும் இரண்டு பேருக்குப் பழக்குகிறேன். ஒரு நேரத்தில் ஒரு பாட்டில்தான் திறந்திருக்க வேண்டும். இரண்டாவது மூடியைத் தொட்டால் கையில் அடி விழும்.

ஆனால் அந்த நர்சிங் ஹோமிலிருந்து இன்றைக்கும் மூடியில்தான் லேபிள் ஒட்டி வருகிறது. மூன்று தடவை நேரில் போய்ச் சொல்லியாயிற்று. “உடம்புல ஒட்டுனா நனைஞ்சு உரிஞ்சு போகுது, மை கரையுது, நாங்க என்ன பண்ண?” என்கிறார்கள். பென்சிலில் எழுதுங்கள் என்றால், பென்சில் இல்லை என்கிறார்கள். பென்சில் வாங்கிக் கொடுத்தேன். அதையும் தொலைத்துவிட்டார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் லேபிலோ ஆபரேஷன் தியேட்டரிலோ வேலை பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பதில் எழுதுங்கள். ஃபார்மலின் பட்டாலும் உரியாமல் பாட்டிலின் உடம்பில் நிற்கிற லேபிளாக எதை ஒட்டுகிறீர்கள்? எதால் எழுதுகிறீர்கள்? அதைவிட முக்கியமாக, அனுப்புகிறவர்களைச் சொன்ன பேச்சுக் கேட்க வைத்தது எப்படி? ஒரு வரி எழுதினாலும் போதும்.