சத்தமாகச் சொல்கிற பிள்ளை

அன்னலட்சுமிக்கு வந்த ஆத்திரத்தில் ரொட்டிக் கல்லைத் தூக்கி முற்றத்தில் எறியாததுதான் குறை.

தெஹியோவிட்டவுக்கு மேலே அந்த ரப்பர் தோட்டத்தில் விடியலிலிருந்தே மழை. மரம் நனைந்தால் பால் வெட்டு கிடையாது. வேலையில்லாத அந்தக் காலையில்தான் ரொட்டி சுட்டபடியே, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் தர்மிளாவைப் பள்ளிக்கூடம் புறப்படுமுன் வாசிக்கச் சொன்னாள். பசுவைப் பற்றிய பாடத்தைப் பிள்ளை கணீரென்று சொன்னது. எட்டிப் பார்த்தால், புத்தகத்தில் விரிந்து கிடந்தது ரயில் படம்.

"ஏய், இதுல மாடு எங்கடி இருக்கு?"

சரியான பக்கத்தைப் புரட்டி, 'புல்' என்ற சொல்லில் விரலை வைத்தாள். "இது என்னா?"

தர்மிளா பாடத்தை முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். புல் வந்தது, போனது. அவளுக்குத் தெரியவில்லை. 'ப' கூடத் தெரியவில்லை.

வகுப்பிலேயே கெட்டிக்காரி என்று தோட்டத்து வரிசைவீட்டு லயமே கொண்டாடிய பிள்ளை இது! மூன்று வகுப்புக்கு ஒரே வாத்தியார். பாடத்தை ஒரு தரம் வாசித்துக் காட்டிவிட்டு, குரல் பெரிய பிள்ளையை முன்னால் நிறுத்தி, அது சொல்லச் சொல்ல மற்றதுகளைச் சொல்ல வைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார். சத்தம் கேட்டால் படிப்பு நடக்கிறது என்று லயத்தில் எல்லாருக்கும் நிம்மதி. பால் வாளியோடு அந்த வழியே போகும்போது மகளின் குரலைக் கேட்டு அன்னலட்சுமியும் பூரித்துப்போனவள்தான். தூ!

குடைகூட எடுக்காமல் மகளை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். வாத்தியார் விஜேந்திரன் சேர் மூன்றாம் வகுப்புக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்.

"சேர், எம்புள்ளைக்கு ஒரு எழுத்துத் தெரியல்ல."

"தர்மிளாவுக்கா? சும்மா இருங்கக்கா. ஜனவரியில மூணாம் வகுப்புக்கு ஏறப்போற புள்ள."

"ஏத்தாதீங்க."

தர்மிளா அலறினாள். "அனே அம்மா, வேணாம்! சசியெல்லாம் போறா!"

சேரின் முகம் கறுத்தது. "நான் ஒத்த ஆளு. மூணு வகுப்பு. இன்னொரு டீச்சர் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சு. என்னைய என்னா செய்யச் சொல்றீங்க?"

"ஆள் தராதவன் நாசமாப் போவட்டும்! அதை எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே? கெட்டிக்காரி, கெட்டிக்காரின்னு ஏன் சேர் ஏமாத்துனீங்க? நாளைக்கு இவ கையிலயும் பால் கத்திதானா?"

மகள் தாயின் கையை உதறிவிட்டு, "எல்லாம் ஒங்களாலதாம்மா!" என்று விம்மினாள். அவளை அறையக் கை ஓங்கினாள் அன்னலட்சுமி.

அப்போது முன் வரிசை வாங்குப் பலகையிலிருந்து சசி எழுந்தாள்.

"அவள அடிக்காதீங்க மாமி. எனக்கும் தெரியாது. தர்மிளா சொல்றதத்தான் நாங்க சொல்றோம்."

பக்கத்தில் ஒருத்தி, "எனக்கும்" என்றாள். பின்னாலிருந்து இன்னொன்று. அப்புறம் வாங்கு வாங்காக. ஓங்கிய கையை இறக்கக்கூட அன்னலட்சுமிக்குத் தோன்றவில்லை. அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் வாசிக்கத் தெரியாது.