மழைக்கு மேலே

தடால்.

ஐஸ் பார் மீன்கடையின் சிமென்டுத் தரையில் விழுந்து நாலாகப் பிளந்தது. கை நழுவி விழவில்லை. பூவாயி வேண்டுமென்றேதான் போட்டாள்.

“மழையா? அம்மாந்தூரம் பிளேன் ஏறிப் போயி மழைய பாக்கறதுக்கா கடைய மூடச் சொன்ன?”

தேவிப்பிரியா மொபைலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மாமியார் மரச் சுத்தியலை எடுத்து ஐஸை நொறுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு அடியும் மருமகளுக்கு விழுவது போலவே இருந்தது.

“அத்தே, காஷ்மீர் குல்மார்க்ல நாம போற வாரம் பூரா மழைன்னு போட்டுகீது. பொய் சொல்லி உன்னக் கூட்டிகினு போவ மனசு வரல.”

“பனி இல்லன்னா நான் வர்ல. டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு.”

இந்த வருஷத்தை விட்டால் இன்னொரு வருஷம் கிடையாது. அதுதான் சிக்கல்.

பூவாயியின் மகன் ஹேமந்த் காசிமேட்டு விசைப்படகில் வேலை செய்கிறவன். அவன் கடலில் இருக்கிற நாளில் பூவாயி மாமல்லபுரத்தை விட்டு நகர மாட்டாள்; உறவுக்காரக் கல்யாணம் என்றாலும் தாலி கட்டியதும் பஸ் பிடித்துவிடுவாள். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் வந்து, படகு கரையில் நின்றால்தான் அவளுக்கு மூச்சு வரும். ஆகவே எந்தப் பயணமும் அப்போதுதான். தடைக்காலம் முடிவதற்குள் அவளுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். “அப்புறம் வழுக்குற இடத்துப் பக்கமே போகக்கூடாதும்மா” என்று செங்கல்பட்டு டாக்டர் சொல்லிவிட்டார்.

கடற்கரையில் அலைச்சறுக்கு கற்றுக்கொடுப்பது தேவிப்பிரியாவின் வேலை. அவளிடம் கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண், “பனியில சறுக்கறதும் இதேதான். உடையாத அலைன்னு வெச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்குப் பிடித்த ஆசை. வீட்டில் சொன்னபோது ஹேமந்த் சிரித்தான். மாமியார் சிரிக்கவில்லை. “நானும் வரேன்” என்றாள். வாழ்நாளில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

ஏப்ரலில் பனி இருக்குமா? அலை கணிப்பதில் பழகிய பெண்ணுக்கு அது பெரிய கேள்வியாகத் தெரியவில்லை. எங்கோ தென்கோடிக் கடலில் வீசிய காற்று, பல நாள் கழித்து நம் கரையில் எத்தனை அடி அலையாக எழும்பும் என்று மொபைலில் பார்த்துவிட்டுத்தான் அவள் தினமும் வகுப்பு எடுப்பாள். பனிக்கும் அதே மாதிரி ஒரு பக்கம் இருந்தது. அதைத் திறந்தவள் அசந்து போனாள். மத்தியதரைக் கடலுக்கு மேல் வெள்ளையாக ஒரு மேகச் சுருள். மறுநாள் அது ஈரானுக்கு மேல். அதற்கடுத்து ஆப்கானிஸ்தான். யாரோ கைப்பிடித்துக் கூட்டி வருகிற மாதிரி, அத்தனை பாலைவனத்தையும் தாண்டிக் காஷ்மீர் மலையில் வந்து முட்டப் போகிறது.

“கடல்தண்ணியா மலை மேல போயி வுழுது?” என்று பூவாயியே வாயைப் பிளந்தாள்.

சுருள் தப்பாமல்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் குல்மார்க் என்ற பெயருக்கு நேரே இருந்த படம் மழைத்துளி. பனி: பூஜ்யம்.

அன்று வகுப்பில் தேவிப்பிரியாவுக்கு மனசே நிற்கவில்லை. சாதாரண அலையில் தடுமாறிப் பலகையிலிருந்து விழுந்தாள். விழுந்தவள் நேராக உள்ளே போனாள். தோள் வரைக்கும் வெதுவெதுப்பு. பாதத்தில் மட்டும் சுரீரென்று குளிர்ந்தது. ஒரே கடல், ஒரே இடம். தலைக்கு ஒரு பருவம், காலுக்கு ஒரு பருவம்.

அப்படியே மிதந்தாள். பிறகு கரைக்கு ஓடி, ஈரக் கையைத் துடைக்கக்கூட இல்லாமல் மொபைலை எடுத்தாள்.

கடற்கரையில் ஓர் ஊருக்கு ஒரே கணிப்புதான். பிறந்ததிலிருந்து கடல் மட்டத்தில் நின்றே வானத்தைப் பார்த்தவளுக்கு, உயரம் என்று ஒன்று கணக்கில் சேரும் என்பதே தோன்றவில்லை. பக்கத்தை மேலே தள்ளினாள். மூன்று வரிகள் இருந்தன. அடிவாரம், நடுமலை, உச்சி. இத்தனை நாளும் அவள் அடிவாரத்தை மட்டும் படித்திருக்கிறாள். உச்சிக்கு நேரே வரிசையாக வெள்ளைப் பூக்கள். முழங்கால் அளவு புதுப் பனி.

“கீழ மழை, மேல பனியா?” பூவாயி நம்பவில்லை. “யாரு காதுல பூ சுத்துற?”

“மழை கொட்டினாதான் அத்தே மேல பனி. மழையே இல்லன்னாதான் நாம ஏமாந்துட்டோம்னு அர்த்தம்.”

“ம்மா, வா ம்மா” என்றான் ஹேமந்த். “பனி இல்லன்னா உன் மருமவளை ஒரு மாசம் நீ ஐஸ் ஒடைக்க வுடு.”

பூவாயிக்கு அந்த ஒப்பந்தம் பிடித்திருந்தது.

குல்மார்க்கில் மழை கொட்டியது. கணிப்பு சொன்ன அதே நாள், அதே மழை. வாடகைக்கு எடுத்த கோட்டும் ரப்பர் பூட்ஸுமாக ரோப் கார் வரிசையில் நின்ற பூவாயி, சேற்றைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள்.

“நம்மூரு ஐப்பசி இதவிட ஜோரா இருக்கும். ஊருக்குப் போனதும் சுத்தியல் உனுக்குத்தான்.”

தேவிப்பிரியா ரோப் கார் கம்பியை அண்ணாந்து பார்த்தாள். மேலே காற்று பலமானால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள் என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். அது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லாத செய்தி.

நிறுத்தவில்லை. மூவரும் ஏறினார்கள். கண்ணாடியில் மழை அறைந்தது. பைன் மரங்கள் கீழே இறங்கின. மேகம் வந்து சூழ்ந்தது, எதுவும் தெரியவில்லை.

நடு நிலையத்தில் மாறி, அடுத்த பெட்டியில் ஏறினார்கள். கொஞ்ச தூரத்தில் தேவிப்பிரியா அதைக் கவனித்தாள். கண்ணாடியில் விழுந்த துளி வழியவில்லை. விழுந்த இடத்திலேயே நின்றது. அடுத்தது கொஞ்சம் வெளுப்பாக வந்தது. அதற்கடுத்தது விழவே இல்லை, மிதந்தது. மழைச் சத்தம் எப்போது நின்றது என்று மூவருக்குமே தெரியவில்லை.

கதவு திறந்தது. மேகம் அவர்களுக்குக் கீழே இருந்தது.

மலை முழுக்க வெள்ளை. அலை அலையாக எழும்பி, எந்த அலையும் உடையாமல், அப்படி அப்படியே நின்றுவிட்ட ஒரு கடல். கரை தெரியவில்லை. ஹேமந்த் செருப்பைக் கழற்றுகிறவன் போல குனிந்து, பூட்ஸ் போட்டிருப்பது நினைவு வந்து நிமிர்ந்தான்.

தேவிப்பிரியா சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டாள். அங்கே சறுக்கக் கற்றுக்கொடுக்கிற பயிற்சிக்காரர் பிடித்திருந்த கையை விட்டார். முழங்காலை மடக்கி, தோளைத் திருப்பினாள். காலுக்கடியில் மலையே அலையாகச் சரிந்தது. இது உடையாது, இது உடையாது என்று உடம்புக்குப் புரிவதற்குள் குப்புற விழுந்துகிடந்தாள். வாயெல்லாம் பனி. மத்தியதரைக் கடலிலிருந்து தினமும் மொபைலில் கூட்டி வந்த அந்தச் சுருள்தான் இது. அதைத் துப்ப மனம் வரவில்லை.

எழுந்து மாமியாரைத் தேடினாள்.

பூவாயி கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பனியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் அள்ளினாள். மூக்கருகே கொண்டுபோனாள். கீழே போட்டாள். வேறு இடத்தில் அள்ளி மறுபடி முகர்ந்தாள்.

“இன்னா அத்தே, அழுவுறியா?”

பூவாயி கையை மருமகளின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“மோந்து பாருடி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஐஸ் அள்ளிகினு கீறேன். மீன் வாசன இல்லாத ஐஸ இன்னிக்குத்தான் பாக்குறேன்.”