சல்லிக்கரையில் மூன்று அடி

உதயகலாவுக்கு ஓடத் தெரியும், நிற்கத்தான் தெரியாது. பெண்கள் பேஸ்போல் அணியில், மைதானத்தின் கடைக்கோடியில் நின்று உயர வரும் பந்துகளைப் பிடிப்பது அவள் வேலை. அண்ணாந்தபடியே பின்னால் ஓடுவாள். கம்பிவேலியில் மோதித்தான் நிற்பாள். இந்த வருடம் மட்டும் இரண்டு தடவை தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டாள்.

அதனால்தான் பயிற்சியாளர் சுதாகரன் வேலியோரம் புல்லைச் செதுக்கி, நீளத்துக்குச் சல்லிக்கல் பரப்பினார்.

“கண் பந்திலை இருக்கட்டும். காலுக்குக் கீழை சல்லி நெரிஞ்சால், வேலிக்கு மூண்டு அடிதான் எண்டு விளங்கவேணும்.”

“ஆற்றை அடி அண்ணை, உங்கடையோ என்ரையோ?”

“உம்மடைதான். உம்மை ஓடவிட்டுத்தான் அளந்தனான்.”

நெல்லியடி அணியோடு இறுதியாட்டம். கடைசிச் சுற்றில் இன்னும் ஒரேயொருத்தி அவுட்டானால் வெற்றி. பந்து விழுந்தால் தோல்வி. எதிரணிக் கஜந்தினி ஓங்கி ஒரு அடி அடித்தாள். பந்து பனைகளுக்கு மேலே ஏறியது. உதயகலா திரும்பி ஓடினாள். புல், புல், புல். பிறகு நறநற.

ஒன்று. பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேலி எங்கே என்று பார்க்காமலே தெரிவது இதுதான் முதல் தடவை. இரண்டு. மூன்றாவது அடியை அவள் நிலத்தில் வைக்கவில்லை, எழும்பிப் பாய்ந்தாள். பந்து பொத்தென்று கையுறைக்குள் விழுந்தது. அவளோ இடுப்பளவு வேலியைத் தாண்டி, அடுத்த தோட்டத்துப் பத்மாவதி அப்போதுதான் வாய்க்காலைத் திருப்பித் தண்ணீர் மாறிவிட்ட வெங்காயப் பாத்திக்குள் தலைகுப்புற விழுந்தாள்.

நடுவர் கிறிஸ்ரோபர் இளைக்க இளைக்க ஓடிவந்தார். “பந்து நிலத்திலை பட்டதோ?”

உதயகலா விழுந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தாள். சேற்றுக்குள் புரண்டு மல்லாந்து, கையுறையை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.

“பந்து உவளின்ரை கையிலைதான் கிடக்கு,” என்றாள் பத்மாவதி, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு. “என்ரை வெங்காயம்தான் அவுட்.”

நடுவர் கையை உயர்த்தினார். அணியின் மற்ற எட்டுப் பேரும் வேலி பாய்ந்து வந்தார்கள். தூக்கிவிட வந்தவர்கள் வழுக்கி அவள்மேலேயே விழுந்தார்கள்.

“விழுந்து முடிஞ்சுதோ? இனிக் குந்தியிருந்து வெங்காயத்தை நடுங்கோ,” என்றாள் பத்மாவதி.

பரிசளிப்பு அரைமணி நேரம் பிந்தியது. சம்பியன்கள் ஒன்பது பேரும் சாய்ந்த வெங்காயத்தைத் திரும்ப ஊன்றினார்கள். கஜந்தினியும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினாள். யாராவது உதயகலாவின் முகத்தைப் பார்த்தால் போதும், பாத்தியின் ஒரு தொங்கலில் தொடங்கும் சிரிப்பு மற்றத் தொங்கல்வரை ஓடும். வரிசை கோணிக்கொண்டே போனது. திட்டவென்று வாயெடுத்த பத்மாவதி, சிரிப்பை அடக்கமுடியாமல் வரம்பிலேயே குந்திவிட்டாள்.