இரண்டு சொட்டுக்கு நடுவே

தையல்காரம்மாவின் கண்ணில் ஈரம் வற்றி ஒரு வருடமாகிறது. வாங்கிய உடுப்புகளின் இடுப்பைப் பிடித்து, நீளத்தைக் குறைத்துத் தரும் கடையில், கறுப்புத் துணியில் கறுப்பு நூலைத் தேடித் தேடி, இமை கொட்டுவதே மறந்துபோனதாம். கண் டாக்டர் அப்படித்தான் சொன்னார். மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல்.

இரண்டு சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். ஒன்று ஸ்டீராய்டு, வீக்கம் வடிய, மூன்று வாரத்துக்கு மட்டும். இன்னொன்று மாதக்கணக்கில் விட வேண்டியது. கண்ணீர் மெல்ல மெல்லத் திரும்ப ஊறுமாம்.

"ஒண்ணு விட்ட சூட்டோட இன்னொண்ணை விட்டுடாதீங்கம்மா. அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு இருங்க. இல்லேன்னா ரெண்டாவது சொட்டு முதல் சொட்டைக் கழுவிட்டுப் போயிடும்."

அவளுக்கா பொறுமை? முதல் நாளே இரண்டையும் அடுத்தடுத்து விட்டு, கன்னமெல்லாம் வழிய வழியக் கடைக்கு ஓடினாள். மகன் போனில் கேள்விப்பட்டுக் கத்தினான். அவன் தூரத்துத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். மாதம் ஒருமுறை கூப்பிட்டு, "நல்லா இருக்கியா" என்று கேட்டு, பதில் முடியுமுன் வைத்துவிடுகிறவன்.

"இனிமே தினம் காலைல எட்டு மணிக்குக் கூப்பிடுறேன். முதல் சொட்டை விட்டுட்டுப் போனை எடு. அஞ்சு நிமிஷம் ஆனதும் நான் சொல்றேன்."

"நீ என்னடா எனக்குக் காவல்காரனா?"

"ஆமா. சம்பளமில்லாத காவல்காரன்."

சொன்னபடியே கூப்பிட்டான்.

"திறந்துட்டியா?"

"இல்லடா, இறுக்கி மூடியிருக்கேன். காலைல என்ன சாப்பிட்டே?"

"டீ."

"டீ ஒரு சாப்பாடா? ஈர்க்குச்சி மாதிரி ஆயிடுவே."

"நல்லதுதானே, ஏணி ஏற லேசா இருக்கும்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், அடுத்த அறையிலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. அவளுடைய வீட்டில் அடுத்த அறை என்று ஒன்றில்லை என்பதுகூட அந்த ஐந்து நிமிஷம் ஞாபகம் வராது.

மூன்று வாரம் முடிந்தது. "வீக்கம் வடிஞ்சிடுச்சு. ஸ்டீராய்டை நிறுத்திடுங்க. இனி ஒரே மருந்துதான்" என்றார் டாக்டர். வேறு யாரானாலும் கும்பிடு போட்டிருப்பார்கள். அவள் மருந்துச் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மருந்து ஒன்றானால் காத்திருக்க என்ன இருக்கிறது?

மறுநாள் எட்டு மணிக்கு, "விட்டாச்சாம்மா?" என்றான்.

"விட்டேன்" என்றாள், நிறுத்தச் சொன்னதை மறைத்து, வெறும் கண்ணை மூடிக்கொண்டு.

ஐந்தாம் நாள் அவன் குரல் வேறாக இருந்தது. "மூணு வாரம்னுதானே சொன்னாங்க? அளவுக்கு மேல விட்டா கண்ணுல பிரஷர் ஏறி பார்வையே போயிடுமாம். லீவு போட்டுட்டு வர்றேன். அந்த டாக்டரை நாலு கேள்வி கேட்டாத்தான் எனக்கு ஆறும்."

வரட்டுமே என்று ஒரு கணம் சபலம் தட்டியது. வந்தால் இரண்டு நாளாவது இருப்பான். ஆனால் பாவம், அந்த டாக்டர் என்ன செய்தார்?

"அவர் மேல பழி போடாதேடா. அவர் நிறுத்தச் சொல்லி அஞ்சு நாளாச்சு. நானும் நிறுத்திட்டேன்."

"அப்ப தினம் விட்டேன் விட்டேன்னியே?"

அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"ஒரு சொட்டுன்னா நீ கூப்பிட மாட்டியேன்னு..."

"கீழ லாரி வந்துடுச்சும்மா" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் எட்டு மணிக்குப் போன் அடிக்கவில்லை. எட்டேகாலுக்கும் இல்லை. இருந்த ஒரு மருந்தை விட்டுக்கொண்டாள், வழக்கம்போல் எரிந்தது. எரிச்சல் அடங்கியதும் அவளே எண்ணை அழுத்தினாள்.

"என்னம்மா? கண்ணுக்கு என்ன?"

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன். கோபமா?"

"கோபமெல்லாம் இல்ல. எட்டு மணிக்குப் போனைக் கையில எடுத்தேன். மருந்து இல்லாம என்ன பேசறதுன்னு தெரியல."

"எனக்கும் தெரியலடா."

அவன் பக்கம் காற்று இரைந்தது. கடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை.